வெயிலைச் சாப்பிடும் சித்தப்பா

கேள்வி: தியான வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்ததிலிருந்து என் சித்தப்பா காலைப் பலகாரத்தை விட்டுவிட்டார். மொட்டை மாடியில் சூரியனை உற்றுப் பார்த்தபடி நிற்கிறார். "செடிகொடி வெயிலில் வாழவில்லையா? மனிதனாலும் முடியும்" என்கிறார். என்ன பதில் சொல்ல?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சித்தப்பா செடியையே சரியாகப் பார்க்கவில்லை. வெயில் அதற்கு அடுப்புதான். அரிசி வேறெங்கிருந்தோ வரவேண்டும். காற்றிலிருந்து கரியமில வாயு, வேர் வழியாகத் தண்ணீர் இரண்டையும் எடுத்து, பச்சையம் பிடித்த ஒளியைக் கொண்டு இலை சர்க்கரை சமைக்கிறது. அந்தச் சர்க்கரையை நம்மைப் போலவே ராப்பகலாக ஆக்சிஜனில் எரித்துத்தான் செடி உயிரோடிருக்கிறது. இதுபோக, மண்ணிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். மேகாலயாவின் காசி மலையில் சத்தில்லாத மண்ணில் வளரும் குடுவைத் தாவரம், நைட்ரஜனுக்காகப் பூச்சி பிடித்துச் செரிக்கிறது. வெயிலே போதுமென்றால் அதற்கு ஏன் இந்தப் பாடு?

சரி, சித்தப்பாவுக்கு உடம்பெல்லாம் பச்சையம் முளைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாள் விழும் வெயில், ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்; அதாவது 4,300 கிலோ கலோரி. அதில் நூற்றில் ஒரு பங்கைப் பயிர் சேமித்தாலே பெரிய விஷயம். ஆக, நாளெல்லாம் வெயிலில் காய்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது 43 கிலோ கலோரி, இரண்டு மேரி பிஸ்கட். தேவையோ 2,000-க்குப் பக்கம். மரம் ஆயிரக்கணக்கில் இலை விரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பது இந்தக் கணக்கால்தான். மாடிப்படி ஏறினால் அதற்கும் கட்டுப்படியாகாது!

வட அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் இலை போலவே இருக்கும் பச்சைக் கடல் நத்தை ஒன்று உண்டு. பாசியின் பசுங்கணிகங்களை, அதாவது பச்சையம் அடங்கிய நுண்ணிய பைகளைத் திருடி உடம்பில் வைத்துக்கொண்டு பல மாதம் சாப்பிடாமல் இருக்கும். அதுவும் முதலில் பாசியை வயிறாரத் தின்ற பிறகுதான்.

உணவே வேண்டாம் என்று பிரசாரம் செய்த ஆஸ்திரேலியாவின் ஜஸ்முஹீனை 1999-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கண்காணிப்பில் வைத்தது. உடம்பில் நீர் வற்றிப்போய், நான்கே நாளில் சோதனையை நிறுத்தவேண்டி வந்தது. நமக்கு வெயிலால் நேரடியாகக் கிடைப்பது வைட்டமின் டி. அதைத் தோல் தயாரிக்கிறது, கண் அல்ல.

காலைப் பலகாரத்தை விட்டதால் அவருக்கு உடனே ஆபத்து வந்துவிடாது. கண்தான் கவலை. விழித்திரைக்கு வலி தெரியாது. சூரிய ஒளியில் வெந்தாலும் அந்த நேரத்தில் உறைக்காது. அவரிடம் ஒரு நாளிதழைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பார்க்கும் இடத்துக்கு நடுவில் எழுத்து மங்கினாலோ வளைந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.