உறுதி என்னிடம், காணி அவரிடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

அம்மாவுக்குச் சீதனமாக வந்து, நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) மூலம் எனக்குக் கிடைத்த தென்னங்காணி ஒன்று எங்களுக்கு உண்டு. நான் கட்டாரில் இருந்த காலமெல்லாம் மச்சான்தான் தேங்காய் பறித்து விற்றுப் பணம் அனுப்பினார். இவ்வருடம் ஜனவரி 18 ஆம் திகதி பக்கத்துக் காணிக்காரர் எங்கள் கதியால் வேலியைப் பிடுங்கி, முட்கம்பி அடித்து உள்ளே வந்துவிட்டார். பேசித் தீர்க்கலாம் என்று பொறுத்திருந்து, நான் ஊர் வந்த பிறகு மே மாதம் பொலிஸில் முறைப்பாடு செய்தேன். அவர்கள் அந்த மாதமே நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். செப்டெம்பரில் நீதவான், அந்தப் பக்கத்துக் காணிக்காரரே ஆட்சியில் இருக்கலாம் என்று கட்டளையிட்டுவிட்டார். என் உறுதியை யாரும் பொருட்படுத்தவில்லை. பறித்தவனுக்கே பாதுகாப்புக் கொடுப்பது என்ன நீதித் தத்துவம்?

ச.,
களுவாஞ்சிகுடி

அன்புள்ள ச.,

நீதவான் உங்கள் காணியை அவருக்குக் கொடுக்கவில்லை. காணி யாருடையது என்ற கேள்வியை அவர் தீர்மானிக்கவே இல்லை. மட்டக்களப்பு நீதிமன்றங்களில் பல வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இடத்தில் சறுக்காதவர்கள் குறைவு. நம் பேச்சில் 'காணி என்னுடையது' என்ற ஒரே வசனம் உரித்தையும், அதாவது காணி யாருக்குச் சொந்தம் என்பதையும் குறிக்கிறது, ஆட்சியையும், அதாவது காணியை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதையும் குறிக்கிறது. சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள், வெவ்வேறு நீதிமன்றங்கள், வெவ்வேறு பரிகாரங்கள்.

உங்கள் விடயம் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் சென்றிருக்கிறது. காணித் தகராறு கைகலப்பாக மாறிவிடாமல் தடுப்பதே அந்தப் பிரிவின் வேலை. அறிக்கை தாக்கலான திகதியில் ஆட்சியில் இருந்தவர் யார் என்று நீதவான் பார்ப்பார்; அந்தத் திகதிக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்பவும் ஆட்சியில் அமர்த்துவார். வேலி பிடுங்கியது ஜனவரி 18. அறிக்கை போனது மே மாதம். மார்ச் நடுப்பகுதிக்குள் அந்த அறிக்கை போயிருந்தால் இன்று முட்கம்பிக்கு வெளியே நிற்பவர் அவராக இருந்திருப்பார். பேசித் தீர்க்க நினைத்த உங்கள் பெருந்தன்மைக்கு இவ்வளவு விலை என்பதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டளை தற்காலிகமானது. உரித்தை விசாரிக்கும் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும்தான் அது செல்லும்.

இனித் தத்துவத்துக்கு வருகிறேன். 1166 அளவில் இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி மன்னன் ஏற்படுத்திய நடைமுறையொன்றில், அயலவர் பன்னிருவரை அழைத்து, இவர் அண்மையில் 'நியாயமின்றியும் தீர்ப்பின்றியும்' வெளியேற்றப்பட்டாரா என்று மட்டும் கேட்டார்கள். உரித்து யாருக்கு என்று அங்கும் கேட்கவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டம் வளர்ந்த வேர்களில் இது முக்கியமானது. நம் நாட்டில் பொதுச் சட்டம் என்றால் ஆங்கிலச் சட்டமல்ல, உரோமன் டச்சுச் சட்டம். தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் வடக்குக்கு உரியது, நம் மட்டக்களப்புப் பக்கத்து வழமைச் சட்டமான முக்குவர் வழமையை இன்று நீதிமன்றங்கள் கையாள்வதில்லை. அந்த உரோமன் டச்சு மரபும், பறிகொடுத்தவனுக்கு முதலில் திருப்பிக் கொடு, வழக்கைப் பிறகு பேசு என்றே சொல்கிறது.

காரணம் என்ன என்பதில் ஜேர்மனியின் இரண்டு பெரிய சட்ட அறிஞர்கள் வேறுபட்டார்கள். ஆட்சியில் இருப்பவர்மேல் பாயும் பலாத்காரம் அந்த ஆளுக்கே இழைக்கும் தீங்கு, அதனால்தான் சட்டம் குறுக்கே வருகிறது என்றார் சவிக்னி. ஆட்சி என்பது உடைமைக்கு வெளியே போட்ட வேலி என்றார் இயரிங்: பெரும்பாலும் உரிமையாளரே ஆட்சியிலும் இருப்பார், அவர் ஒவ்வொரு தடவையும் உறுதிகளை அடுக்கி நிரூபிக்க வேண்டியதில்லை, இடையில் ஒரு கள்வனுக்கும் அந்த வேலி உதவிவிடுவது தவிர்க்க முடியாத செலவு. நான் இயரிங்கின் பக்கம். 2004 டிசெம்பர் 26 இல் இந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகளின் உறுதிகள் பெட்டியோடு கடலுக்குள் போயின என்பது உங்களுக்குத் தெரியும். கையில் துண்டுக் கடதாசியும் இல்லாமல் வளவில் நின்றவர்களுக்கு, 'அன்று ஆட்சியில் யார்' என்ற கேள்விதான் துணையாக இருந்தது. ஆட்சிக்கும் காலக்கெடுவுக்கும் இப்படி மதிப்புக் கொடுப்பது, காணியை விட்டுப் போய்த் தவணைக்குள் வழக்குப் போட முடியாத இடம்பெயர்ந்தவர்களை வதைத்ததும் உண்மை. அதனால்தான் 2016 இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்து, 1983 மே முதல் 2009 மே வரையான யுத்த காலத்தை, வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடாமல் விட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்கு. அங்கே உறுதிதான் பேசும், ஆனால் எதிராளியின் பலவீனத்தைக் காட்டுவது போதாது, உங்கள் உரித்தை நீங்களே நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுபடும். மற்றது பலரும் மறந்துவிடுவது: 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, சட்ட நடவடிக்கையின்றி வெளியேற்றப்பட்டவர், உரித்தை நிரூபிக்காமலே, ஆட்சியை மட்டும் கேட்டு வழக்குத் தொடரலாம். மச்சான் உங்களுக்காகப் பறித்த தேங்காய் உங்கள் ஆட்சிக்குச் சாட்சி. அவர் அனுப்பிய பணத்தின் வங்கிச் சிட்டைகளைத் தேடி எடுங்கள். ஆனால் இதற்குரிய தவணை வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான். உங்கள் கடிதம் எனக்கு ஒக்டோபர் இரண்டாம் வாரம் கிடைத்தது. இந்தக் கிழமையே உறுதியையும், நில அளவைப் படத்தையும், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும், செப்டெம்பர் கட்டளையையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். ஜனவரி 18 ஐ முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.