இஞ்ஞாசியாரின் பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சவேரியாரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சந்தேகம். சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் போர்வீரராக இருந்தவர். மேலாளருக்குப் பிணம்போலக் கீழ்ப்படிய வேண்டும் என்று சபை விதிகளில் எழுதியவர். அவரைச் சபையார் ‘தந்தை’ என்கிறார்களே, அது மரியாதைக்குச் சொல்வதா, இல்லை அவருக்குள் நிஜமாகவே ஒரு தகப்பன் இருந்தாரா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

பிணத்தைச் சொன்னது அவர்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் விதிநூலை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. கூட இருந்தவர்கள் எழுதிவைத்ததையும் பார்க்க வேண்டும். ரோமில் அவரோடு ஒரே வீட்டில் இருந்த கொன்சால்வெஸ் த காமரா என்ற போர்ச்சுகீசியர், 1555இல் அவர் பேச்சையும் நடப்பையும் குறித்துவைத்தார். அவரைவிட நெருக்கமான சாட்சி ரிபதநேய்ரா.

இவர் சபைக்கு வந்தபோது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. டொலேடோ ஊர்ப் பையன், ஒரு கர்தினால் வீட்டில் ஏவல் பார்த்தவன். 1540 செப்டம்பரில், திருத்தந்தை மூன்றாம் பவுல் சபைக்கு ஒப்புதல் தருவதற்குச் சில நாள் முன்னால் வந்து சேர்ந்தான். வாலில்லாத குறைதான். அனுப்பிவிடலாம் என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், இஞ்ஞாசியார் கேட்கவில்லை. ஒருமுறை அவனுக்கு உடம்பு சரியில்லை. கையைக் கீறி ரத்தம் எடுப்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். கட்டு அவிழ்ந்து ரத்தம் போய்விடக்கூடாதே என்று அன்று இரவு இரண்டு மூன்று தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார் சபைத் தலைவர். 1572இல் இஞ்ஞாசியாரின் வரலாற்றை அச்சில் கொண்டுவந்தது இந்தப் பையன்தான். மகன் தகப்பனைப் பற்றி எழுதியது, பாசம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதைக் கழித்துவிட்டே படியுங்கள்.

நோயாளிகள் விஷயத்தில் அவர் படுத்தியபாடு இன்னொன்று. கடைக்குப் போய்வருகிற சகோதரர், நோயாளிகளுக்கு வேண்டியது வாங்கியாயிற்றா என்று தினமும் இரண்டு வேளை அவரிடமே வந்து சொல்ல வேண்டும். காரணம் தெரிந்ததுதான். ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் பட்டினியும் தவமுமாகக் கிடந்து தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் அவர், சாகும்வரை அந்த வலி போகவில்லை. தான் செய்ததைப் பிள்ளைகள் செய்ய விடவில்லை. போர்ச்சுகலின் கொயிம்பிராவில் படித்த இளம் துறவிகள் பக்தி முற்றி உடம்பை வருத்தத் தொடங்கியபோது, 1547இல் அளவோடு இருங்கள் என்று நீண்ட கடிதம் எழுதினார். மறு வருடம் ஸ்பெயினின் காந்தியா கோமகன் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கும் அதே அறிவுரைதான்: நோன்பைக் குறையுங்கள், ரத்தம் வருமளவு சாட்டையடி வேண்டாம், உடம்பும் கடவுள் கொடுத்ததுதான்.

தூரத்தில் இருந்தவர்களை எப்படிக் கவனிப்பது? கடிதம்தான். அவர் பெயரில் போன கடிதங்களில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவை இன்றும் கிடைக்கின்றன. பதிலையும் விடாமல் கேட்பார். முடியுமானால் தன் சகோதரர்களை ராத்திரி எத்தனை தெள்ளுப்பூச்சி கடிக்கிறது என்பதுகூடத் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்றாராம். காமரா எழுதிவைத்ததில் எனக்கு மிகப் பிடித்த வரி இது. நம் முத்துக்குளித்துறையிலிருந்தும் அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. அங்கே பணிசெய்த போர்ச்சுகீசிய சபைத் துறவி அன்றிக் அடிகளார் 1548இல் வேம்பாற்றிலிருந்து தமிழ் இலக்கணம் படிப்பதைப் பற்றி அவருக்கு எழுதியிருக்கிறார். சவேரியாரைத் திரும்பி வரச்சொல்லி இஞ்ஞாசியார் எழுதியது 1553 ஜூனில். சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்து அதற்குள் ஆறு மாதம் தாண்டியிருந்தது. செய்தி ரோமுக்கு வந்து சேரவில்லை.

இதுவரை சொன்னது இனிப்பான பாதி. மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன்.

பலவீனமானவர்களிடம் இப்படிக் குழைந்தவர், பலமானவர்கள் என்று தான் நினைத்தவர்களை வறுத்தெடுத்தார். செயலாளர் போலாங்கோ அவருக்குக் கையும் காலுமாக இருந்தவர், ஆண்டுக்கணக்கில் ஒரு நல்ல வார்த்தை கேட்டது அபூர்வம். சபைப் பணியில் அவருக்கு உதவியாக இருந்த நதால் கண்ணீரை அடக்க முடியாமல் தவித்திருக்கிறார். முதல் தோழர்களில் ஒருவரான லைனெஸ், நான் என்ன தப்பு செய்தேன், இவர் ஏன் என்னை இப்படி நடத்துகிறார் என்று ரிபதநேய்ராவிடம் புலம்பினார். அதே ரிபதநேய்ராவிடம்தான், சபை வேறு யாரையும்விட லைனெஸுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று இஞ்ஞாசியார் சொல்லியும் இருக்கிறார். லைனெஸ் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தையே சுமக்கிற மூத்தவனைத் திட்டித் தீர்க்கிற அப்பாக்களை நாம் பார்த்ததில்லையா? தாங்குவார்கள் என்று தெரிந்துதான் அப்படி நடத்தினார், அது அவர்களைப் பழக்கும் முறை என்று சபை எழுத்தாளர்கள் சமாதானம் சொல்வார்கள். பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். தாங்குகிறவனுக்கும் வலிக்கும்.

1556 ஜூலை 30 மாலை, போலாங்கோவைக் கூப்பிட்டுத் திருத்தந்தையிடம் போய் ஆசீர் வாங்கிவரச் சொன்னார். ஸ்பெயினுக்குப் போகிற தபாலை முடிக்க வேண்டும், நாளைக்குப் போகட்டுமா என்றார் போலாங்கோ. இன்றைக்கே போனால் நல்லது, ஆனாலும் உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார். மறுநாள் விடியற்காலையில் உயிர் பிரிந்துகொண்டிருந்தது. பிணம்போலக் கீழ்ப்படியச் சொன்னவர், கடைசி மாலையில் கட்டளை போடவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: தகப்பன்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி தகப்பன் இல்லை. அவர் போன பிறகு, முதல் தோழர்களில் இன்னொருவரான போபதில்யா விதிநூலையே எதிர்த்துச் சண்டை போட்டார், அது தனிக் கதை. ஆனால் அதிகம் திட்டு வாங்கியவர்கள் விட்டுப் போகவில்லை. லைனெஸ் 1558இல் சபையின் இரண்டாம் தலைவரானார். போலாங்கோ 1573 வரை, இஞ்ஞாசியாரையும் சேர்த்து அடுத்தடுத்து மூன்று தலைவர்களுக்கும் அதே செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.