கிலோ விலையா, புரத விலையா?

கேள்வி: இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய் ஆகிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 36 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியைப் போட்டால் புண்ணாக்கே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

- வாசகர், கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்

பதில்: தீவனத்தின் கிலோ விலையை அதிலுள்ள புரதத்தின் விலையாக மாற்றிப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம் இருப்பதால், நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு கிலோ புரதம் 125 ரூபாய்க்குக் கிடைக்கிறது; தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் 22 சதவீத அளவே இருப்பதால், அதே புரதத்துக்கு 164 ரூபாய் ஆகிவிடுகிறது. எனவே புரதத்துக்காக என்றால் அதற்கு மாற வேண்டாம்.

அசோலா நல்ல தீவனம்தான். ஆனால் பறித்த ஒரு கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். புரதம் சுமார் 15 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கின் புரதத்தை ஈடுகட்ட 25 கிலோவுக்கு மேல் வேண்டும். வீட்டுத் தொட்டியில் அவ்வளவு விளையாது. கிடைக்கும் ஒன்றிரண்டு கிலோவைச் சல்லடையில் அள்ளி, தொட்டியில் கரைத்த சாணத்தின் வாடை போகும்வரை அலசி, தவிட்டோடு பிசைந்து வையுங்கள். அது துணைத் தீவனம் மட்டுமே.

நான் உறுதியாகப் பரிந்துரைப்பது வேலிமசால் என்னும் புரதம் மிகுந்த பசுந்தீவனச் செடி. கிணற்றுத் தண்ணீர் பாயும் வரப்போரம் ஒருமுறை விதைத்தால், 90 நாளில் முதல் அறுப்பும் பிறகு 40 நாளுக்கு ஒருமுறை மறு அறுப்பும் கிடைக்கும். மாட்டுக்குத் தினம் எட்டுக் கிலோ கொடுக்க முடிந்தால் அரைக் கிலோ புண்ணாக்கை, அதாவது 25 ரூபாயை, துணிந்து குறைக்கலாம். புண்ணாக்கோடு எரிசக்தியும் குறையும் என்பதால் உடைத்த மக்காச்சோளம் அரைக் கிலோ சேர்த்து, அதன் விலையைக் கழித்தே இலாபத்தைக் கணக்கிடுங்கள். சூபாபுல் (சவுண்டல்) மரத்தழையும் தீவனம்தான்; ஆனால் அதில் மைமோசின் என்னும் நச்சு இருப்பதால், பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கும் கடலைப் புண்ணாக்கை உடைத்து உட்புறம் பாருங்கள். பச்சைப் பூஞ்சை பூத்திருந்தாலோ முக்கல் வாடை அடித்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் சிறுகச் சிறுகச் செய்து, ஒவ்வொரு வேளைக் கறவையையும் குறித்து வாருங்கள்.