ரெயின்ஸ்ஃபோர்ட் மாறினானா? ஒரு வேட்டைக் கதை, சில கேள்விகள்

ரிச்சர்ட் கானெல் எழுதிய ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ (1924) சிறுகதை பற்றித் தேர்வை நினைத்துக் கேட்கப்பட்ட கேள்விகள், என் பதில்கள். வேட்டைக்காரன் ரெயின்ஸ்ஃபோர்ட் கப்பலிலிருந்து தவறி விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே ஜெனரல் ஸாரோஃப் மனிதர்களை வேட்டையாடுகிறான்; ரெயின்ஸ்ஃபோர்டையும் அப்படியே துரத்துகிறான்.

முன்குறிப்பு உத்திக்கு (பின்னால் வரப்போவதை முன்பே கோடிகாட்டுவது) எடுத்துக்காட்டு?
‘ஷிப்-டிராப்’ (கப்பல் பொறி) என்ற தீவின் பெயரை எல்லோரும் எழுதுவார்கள். .22 தோட்டா உறையை எழுதுங்கள். கரையேறிய இடத்தில் நசுங்கிய செடிகள், ரத்தக்கறை, ஒரு காலி உறை. பெரிய மிருகம்போல, இத்தனை சின்னத் துப்பாக்கியால் அடித்தவனுக்குத் துணிச்சல்தான் என்று ரெயின்ஸ்ஃபோர்ட் வியக்கிறான். தடயமெல்லாம் கண்முன்னே, மிருகம் என்ற ஊகம் மட்டும் தப்பு. உத்தியின் பெயரை எழுதிவிட்டு நகராதீர்கள். எந்த இடம், பின்னால் எங்கே பலிக்கிறது, இரண்டையும் காட்டுங்கள்.

ஸாரோஃபின் பாத்திரப் படைப்பு நேரடியா, மறைமுகமா?
வெள்ளை முடி, கறுத்த புருவம், கறுத்த மீசை: இது நேரடி வர்ணனை. மறைமுகம்தான் வலுவானது. ஸாரோஃபின் பணியாள் இவான் செத்துவிட்டான், ரெயின்ஸ்ஃபோர்டும் கடலில் குதித்துவிட்டான். அன்றிரவு ஸாரோஃப் நல்ல மதுவோடு விருந்து சாப்பிடுகிறான். அவனுக்கு இரண்டே குறை: இவானுக்கு மாற்றாள் கிடைப்பது கடினம், இரை தப்பிவிட்டது. பிறகு ரோமப் பேரரசரும் தத்துவவாதியுமான மார்க்கஸ் அரேலியஸைப் படிக்க உட்காருகிறான். கொடூரன் என்று ஆசிரியர் ஒருமுறைகூடச் சொல்லத் தேவையில்லை.

இவான்?
தட்டைப் பாத்திரம்: ஒரே குணம், மாற்றமில்லை. அடுத்த கேள்வி.

ரெயின்ஸ்ஃபோர்ட் வைக்கும் மூன்று பொறிகளும் எதன் குறியீடு?
எதற்கும் இல்லை. சாய்த்து வைத்த மரம் ஸாரோஃபின் தோளைக் காயப்படுத்துகிறது. குழி ஒரு நாயைக் கொல்கிறது. கத்தி கட்டிய மரக்கன்று இவானை. சேதம் படிப்படியாக ஏறுகிறது. கதைப்பின்னல் என்று எழுதுங்கள்.

ரெயின்ஸ்ஃபோர்ட் மாறும் பாத்திரமா?
பாதி. விலங்குக்கு உணர்வேது என்று கப்பலில் நண்பன் விட்னியிடம் வாதாடியவன், துரத்தப்படும்போது சிக்கிய விலங்கின் நிலையை அறிகிறான். ஆனால் வேட்டையைக் கைவிட்டதாகக் கதையில் ஒரு வரி கிடையாது.

ஓர் ஆசிரியர்: கடைசியில் ஸாரோஃபை ரெயின்ஸ்ஃபோர்ட் கொன்றது தற்காப்புதானே? அதில் மாற்றம் எங்கே வந்தது?
அந்தக் காட்சியைத் திரும்பப் படியுங்கள், ஐயா. கடலில் குதித்துத் தப்பிய ரெயின்ஸ்ஃபோர்ட் படுக்கையறையில் வந்து நிற்க, ஸாரோஃப் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துகிறான். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கலாம். தான் இன்னும் சிக்கிய விலங்குதான் என்று சொல்லிச் சண்டைக்கு அழைப்பது ரெயின்ஸ்ஃபோர்ட்.

அதே ஆசிரியர்: விட்டிருந்தால் ஸாரோஃப் அடுத்தவனை வேட்டையாடியிருப்பானே?
நியாயமான வாதம். ஆனால் ரெயின்ஸ்ஃபோர்ட் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. சண்டையை ஆசிரியர் காட்டுவதும் இல்லை. கொன்றவன் நிம்மதியாகப் படுத்ததைத்தான் காட்டுகிறார். நீங்கள் அவனுக்காக வாதாடுகிறீர்கள், கதை வாதாடவில்லை.

ரெயின்ஸ்ஃபோர்ட் மாறினானா, ஒரு வரியில்?
இரண்டு பதில் மேலே இருக்கிறது.

கதைச் சுருக்கம் கிடைக்குமா?
கதையே சின்னது. படியுங்கள்.

நோக்குநிலை (கதை யார் பார்வையில் நகர்கிறது என்பது) எங்கே மாறுகிறது?
நல்ல கேள்வி, இத்தனை நேரம் கழித்து. ரெயின்ஸ்ஃபோர்ட் கடலில் குதித்ததும் கதை ஸாரோஃபின் பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் படுக்கைத் திரைக்குப் பின்னால் ரெயின்ஸ்ஃபோர்ட் நிற்பது ஸாரோஃபுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கடைசி வரியில் பார்வை ரெயின்ஸ்ஃபோர்டிடம் திரும்புகிறது; யார் பிழைத்தது என்பது அதில்தான் தெரிகிறது. இங்கேயும் ‘மர்மம்’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. எந்த இடத்தில் மாறுகிறது என்று குறியுங்கள்.