அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறான். எந்த வேலையைத் தொடங்கினாலும் அவன் முடிப்பதில்லை என்பதுதான் என் குறை. வீட்டுப்பாடம் எழுத உட்காருபவன் பென்சில் சீவ எழுந்து போகிறான். பால்கனியில் நின்று தெருவை வேடிக்கை பார்க்கிறான். சீவிய பென்சிலை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். நான் பக்கத்தில் இருந்தால் எழுதுகிறான். குக்கரை இறக்க எழுந்து போனால், எழுதிய வரி அப்படியே பாதியில் நிற்கிறது. கன்னட நோட்டில் பாதிப் பக்கங்கள் காலி. கணக்கில் போட்டவை எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஐந்து கணக்கு கொடுத்தால் மூன்றோடு நிறுத்திவிடுவான். டயரியில் ‘இன்கம்ப்ளீட்’ என்று சிவப்பு மையில் எழுதி வராத வாரம் இல்லை. தண்ணீர் பாட்டிலையும் அடையாள அட்டையையும் மாறி மாறித் தொலைக்கிறான்.

நான் சிக்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மெட்ரோவில் நின்றபடியே வீட்டுக்கு வந்து, சமையலையும் பார்த்து, இவனோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்சிப் பார்த்தேன், கண்டித்துப் பார்த்தேன், கைபேசியைப் பூட்டி வைத்தேன், டியூஷனிலும் சேர்த்தேன். அங்கேயும் பாதி நோட்டுதான் வருகிறது.

கணவர் எதிலும் தலையிடுவதில்லை. பீன்யாவில் வேலை பார்க்கிறார். இது நான்காவது கம்பெனி. மின்கட்டணம் கட்டுவதைக்கூட ஒவ்வொரு மாதமும் நான்தான் கடைசி நாளில் நினைவுபடுத்த வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனுமாகப் பழுதான மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை (மிக்ஸி இப்போது ஓடுகிறது, அது வேறு விஷயம்). அந்தப் பொறுமை புத்தகத்தின் முன்னால் எங்கே போகிறது? கோபத்தில் “அப்படியே உங்க அப்பா” என்று எனக்கு வாயில் வந்துவிடும். ஒரு நாள் படுக்கப் போகும்போது, “நானும் அப்பா மாதிரியே ஆயிடுவேனாம்மா?” என்று கேட்டான். பிள்ளைகள் எதையாவது கேட்பார்கள், அதை விடுங்கள். ஆண்டுத் தேர்வு வருகிறது. உட்கார்ந்த வேலையை அவன் முடித்துவிட்டு எழுந்திருக்க ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

அதை விடுங்கள் என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. பென்சிலையும் டயரியையும் பற்றி இவ்வளவு விரிவாக எழுதிய நீங்கள், மகனின் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை. ஒன்பது வயதுப் பையன் தூக்கம் வருவதற்கு முன் சும்மா கேட்கிற கேள்வி அல்ல அது. அப்பாவைப் போல இருப்பது இந்த வீட்டில் ஒரு குற்றம் என்று அவன் தெரிந்துகொண்டுவிட்டான். தான் அப்பாவைப் போலத்தான் இருக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பயந்துபோய், உங்களிடமே வந்து கேட்டிருக்கிறான்.

அந்தப் பயம் உங்களுக்கும் இருப்பதாகவே நினைக்கிறேன். மூன்று கணக்கோடு நிறுத்துகிறவன் நாளை எந்த வேலையிலும் நிலைக்காமல் போவானோ, இன்னொரு வீட்டுப் பெண் அவனுக்கும் மின்கட்டணத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்குமோ என்ற கவலைதான் காலி நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் கோபமாக வருகிறது. உங்கள் களைப்பு உண்மையானது. வீட்டுப் பொறுப்புகளை நீங்கள் ஒருவரே சுமப்பது நியாயமும் அல்ல. ஆனால் அது கணவரிடம் நேராகப் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. அதில் மகனைச் சாட்சியாகவும் குற்றவாளியாகவும் நிறுத்தியிருப்பதில் நான் உங்கள் பக்கம் இல்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாட்டுக்குப் பொருந்தக் கூடியவை. ஆனால் அதுதான் என்று கடிதத்தைப் படித்துச் சொல்லிவிட முடியாது. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம்.-5 வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். இதில் மரபின் பங்கு மிகப் பெரியது என்பது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் உறுதியான விஷயம். மகனைச் சோதிக்கும்போதுதான், இத்தனை ஆண்டுகளாகப் பொறுப்பில்லாதவர் என்று பெயர் வாங்கிய தந்தைக்கும் அதே சிக்கல் இருந்தது தெரியவரும் குடும்பங்கள் உண்டு. உங்கள் கணவரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதியில் நழுவிப் போகும் மனம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டில் உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர் இருந்தால், அது அவராகத்தான் இருக்க முடியும். அவரைத்தான் நீங்கள் மகனுக்குக் கெட்ட உதாரணமாகக் காட்டிவருகிறீர்கள்.

மிக்ஸியை நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். அவன் தொடங்கி முடித்த வேலை ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதுவும் குறையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிடித்த வேலையில் மணிக்கணக்காக மூழ்குவது கவனக்குறைபாடு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளும் அப்படி மூழ்குவார்கள். ஆர்வம் தானாக இழுக்காத வேலையில் மனத்தை இழுத்து நிறுத்துவதுதான் அவர்களுக்குக் கடினம். அதைப் பொறுமையின்மை என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எழுதுகிறான் என்பதும் அவன் உங்களை ஏமாற்றுகிறான் என்பதற்கு அடையாளம் அல்ல. அந்தத் துணை அவனுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அந்தத் துணையாக மாலையில் கணவர் உட்காரட்டும். கற்றுக்கொடுக்க வேண்டாம், தன் வேலை எதையாவது வைத்துக்கொண்டு அருகில் இருந்தால் போதும். சீவிய பென்சில்கள் முன்கூட்டியே மேசைக்கு வந்துவிடட்டும். ஐந்து கணக்கை மூன்றாகவும் இரண்டாகவும் பிரித்து, நடுவில் எழுந்து நடக்க விடுங்கள். டியூஷனை நிறுத்துவது பற்றியும் யோசியுங்கள். பள்ளி முடிந்து இன்னொரு வகுப்பிலும் உட்கார்ந்துவிட்டு வருகிறவனிடம் இரவில் கவனம் எங்கிருந்து வரும்?

கன்னட நோட்டு மட்டும் தனியாகக் கவனிக்கப்பட வேண்டும். வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துகளே தடையாக இருக்கலாம். கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். இதைச் சோதித்துத்தான் பிரித்தறிய முடியும். ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் போகும்போது டயரியையும் நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

தேர்வுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இன்றோ நாளையோ, அவனுடைய அப்பாவும் கூட இருக்கும்போது, அந்தக் கேள்வியை நீங்களாகவே எடுத்து அவனுக்குப் பதில் சொல்லுங்கள். கணவரைப் பற்றி உங்களுக்குப் பிடித்த ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். அது பொய்யாக இருக்கக் கூடாது, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கும் கணவருக்கு விடுப்பு கிடைக்கும் நாளையே தேர்ந்தெடுங்கள்.