மகள் கண்டதையெல்லாம் படிக்கிறாள், கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியில், ஒரு பருவத்துக்குள் 20 புத்தகங்களைப் படித்து அட்டையில் குறிக்க வேண்டும் என்று வாசிப்புச் சவால் வைத்திருக்கிறார்கள். அவள் பறவைக் கையேடு, நாட்டுப்புறக் கதைகள், சதுரங்கம், விண்மீன்கள், இரண்டு காமிக்ஸ் என்று தொடர்பில்லாமல் எடுத்து வருகிறாள். ஒரு நாவலைப் பாதியில் வைத்துவிட்டாள். பறவைக் கையேட்டை மூன்றாம் முறையாகப் புரட்டுகிறாள். ஓரத்தில் பென்சிலால் தேதி வேறு குறிக்கிறாள். கடந்த வாரம் மட்டும் மெல்லிய படப் புத்தகங்கள் நான்கு. ஒரே துறையில் நிலைத்துப் படிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அஞ்சும் அளவுக்கு அந்தப் பட்டியல் சிதறியும் இல்லை. நூலகங்களில் நூல்களை எண்ணிட்டு அடுக்குவதற்காக மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் நூல்களுக்குப் பத்துப் பெரும் பிரிவுகள் உண்டு; எண்ணின் முதல் இலக்கம்தான் பிரிவைக் காட்டும். நாட்டுப்புறக் கதை 398, விண்மீன்கள் 523, பறவைகள் 598, காமிக்ஸ் 741, சதுரங்கம் 794 என்று எண்களைப் போட்டுப் பாருங்கள். பத்தில் மூன்று பிரிவுகளுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடுகின்றன. பயணமும் வாழ்க்கை வரலாறும் இருக்கும் 900 என்ற பிரிவுக்கு அவள் இன்னும் போகவேயில்லை. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அந்த அலமாரி வழியாக நடந்து செல்லுங்கள். எடுத்துக் கையில் கொடுக்க வேண்டாம்.

பறவைக் கையேட்டை அட்டையில் ஒரே கட்டத்தில் அடைத்திருப்பார்கள். ஆனால் கையேடு என்பது முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்கும் நூல் அன்று. சன்னலில் வந்தமர்ந்த பறவையின் அலகையும் வாலையும் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, இதுவல்ல அதுதான் என்று தீர்மானித்துத் தேதி போடுகிறவள், மற்றவர்கள் ஒரு முறை படித்து மூடியதைவிடக் கூடுதலாகவே படித்திருக்கிறாள். ஆசிரியரிடம் அந்தப் பென்சில் குறிப்புகளைக் காட்டுங்கள்.

நாவலைப் பற்றி: 1931-இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த நாவலுக்குரிய வாசகி இப்போதைக்கு உங்கள் மகள் அல்லள், அவ்வளவுதான். எத்தனையாம் பக்கத்தில் நிறுத்தினாள் என்பதை மட்டும் அவளே எழுதி வைத்துக்கொள்ளட்டும்; பிறகு திரும்பி வந்தாலும் வரலாம்.

எனக்கு உறுத்துவது அந்த நான்கு மெல்லிய புத்தகங்கள்தாம். படப் புத்தகங்கள் மட்டமானவை என்று சொல்லவில்லை. நல்ல படப் புத்தகத்தை நிதானமாகப் பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். ஆனால் அச்சுத் தாளை மடிக்கும் கணக்கால் அவை பெரும்பாலும் 32 பக்கங்களில் முடிந்துவிடுவதால், எண்ணிக்கை துரத்தும்போது குழந்தைகளின் கை அங்கேதான் போகும். பருவம் முடியப் போகிறது, கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்ற பதற்றம் அது; அவளுடைய ரசனை அன்று. புத்தகக் கணக்குக்குப் பதிலாக நாளொன்றுக்கு 20 நிமிடம் என்று நேரக் கணக்கு வைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இசையாவிட்டால், 17 கட்டங்களோடு அட்டையைத் திருப்பிக் கொடுப்பதில் உங்களுக்கு வருத்தமில்லை என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.