பாறை ஏறுகிறவர்கள் படம் எடுக்கிறார்கள்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து நண்பர்கள். வார இறுதியில் டெய்ரி ஃபார்ம் கல்குவாரியில் பாறை ஏறுகிறோம். ஏறுவதையும் சுற்றியுள்ள காட்டையும் சேர்த்து எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க ஆசை. எல்லோரும் போட்டு 2,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். ஆக்‌ஷன் கேமரா, கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல், டிரோன் மூன்றும் ஒரே காம்போவாகத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: வாங்காதீர்கள், தம்பி. மூன்றும் மோசமான பொருள் இல்லை. உங்கள் படத்துக்கு முதலில் வேண்டியவை அவை இல்லை, அவ்வளவுதான்.

ஆக்‌ஷன் கேமராவைத் தலைக்கவசத்தில் மாட்டினால் என்ன கிடைக்கும்? வெள்ளைத் தூள் அப்பிய இரண்டு கைகள், ஒரு முழ தூரத்தில் கருங்கல், அவ்வப்போது ஷூ முனை. அரை நிமிடத்துக்கு மேல் வீட்டில் இருப்பவர்கள்கூடப் பார்க்க மாட்டார்கள். அதன் அகலக் கோண லென்ஸ் உயரத்தையும் தின்றுவிடும். நேரில் வயிற்றைக் கலக்கும் சுவர், திரையில் புளோக் கீழ்த்தளச் சுவர் மாதிரி சப்பென்று தெரியும். உயரம் தெரிய வேண்டுமானால் தள்ளிப் போய், பக்கவாட்டில் நின்று, நீள லென்ஸில் எடுக்க வேண்டும். அந்த லென்ஸை விலைக்கு வாங்க வேண்டியதில்லை; ஒரு சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போதே கவுண்டரில் வைத்து லென்ஸின் நான்கு பக்கத்தையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கு உங்கள் முன்பணத்தில் கைவைக்கும் கடைகளும் உண்டு. மற்றக் காட்சிகளுக்கு உங்களில் யாரிடமாவது இருக்கும் நல்ல கைப்பேசியே போதும், 4கே எடுக்கும்.

காசு போக வேண்டிய இடம் ஒலி. கேமராவில் இருக்கும் மைக், கீழே நிற்பவர்களின் அரட்டையையும் காற்றையும்தான் பிடிக்கும். ஏறுகிறவரின் மூச்சு, கயிறு மாட்டும் கொக்கியான காரபினர் பூட்டும் ‘க்ளிக்’, நடுக்கத்தில் வாய்க்குள் முணுமுணுப்பது, இவைதான் பார்ப்பவரின் உள்ளங்கையை வியர்க்க வைக்கும். கம்பியில்லா மைக் வாங்குங்கள். ஆனால் சட்டையில் மாட்டும் கருவிக்குள்ளேயே பதிவாகும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பாறை மறைத்து சிக்னல் அறுந்தாலும் ஒலி தப்பித்துவிடும். மார்பில் மாட்டினால் கயிறு உரசும். பின் கழுத்துப் பட்டையில் மாட்டி, மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமத் தொப்பி போட்டுவிடுங்கள். காட்டுக்கும் இதே மைக்தான். அந்தி நேரத்தில் சிள்வண்டுகள் கத்துவதை ஐந்து நிமிடம் தனியாகப் பதிவு செய்து வையுங்கள், எடிட்டிங்கில் அது இல்லாமல் தவிப்பீர்கள்.

அடுத்து ஆடாத முக்காலி, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். உட்புறச் சுவரிலும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் விளக்குகள் திரையில் துடிக்காது. பல கைப்பேசிகள் 30 ஃபிரேமில்தான் வருகின்றன, மாற்றிக்கொள்ளுங்கள். அதே 1/50 ஷட்டரை வெயிலில் வைத்தால் படம் வெளுத்துப் போகும், அதற்குத்தான் ஃபில்டர். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

பூங்காவில் பொழுதுபோக்காக எடுப்பது வேறு, வணிகப் படப்பிடிப்பு வேறு. ஏதாவது கடை தன் லோகோவைக் காட்டச் சொல்லிப் பொருள் கொடுத்தால், தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே தீனி என்று அர்த்தம். மைக்கையும் பேட்டரியையும் ஜிப் வைத்த முதுகுப்பையில் வையுங்கள். காட்சிக்காகக் குரங்குகளுக்கு ஒரு வாழைப்பழம் நீட்டலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். வனவிலங்குக்கு உணவளித்து முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். துடுப்புவால் கரிச்சான் என்ற பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்க விடுவதும் அழகில்லை.

மீதிக் காசு? அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மேலேயிருந்து தொங்கிக்கொண்டு படம் எடுக்க ஒரு கயிறும் இடுப்பில் கட்டும் ஹார்னஸும் தேவை. இணையச் சந்தைச் செயலி ஒன்றில் ‘இரண்டே முறை பயன்படுத்தியது’ என்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. கேமராவைப் பழையதாக வாங்கலாம் என்றால் இதையும் வாங்கலாம்தானே? (சுவா சூ காங்)

பதில்: கூடாது. பழைய கேமரா கெட்டால் படம் போகும், கயிறு கெட்டால் ஆள் போவார். நைலான் கயிற்றின் கேடு கண்ணுக்குத் தெரியாது. யாராவது கார் பூட்டில் பேட்டரிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தால், அமில ஆவி பட்டிருந்தாலும் கயிறு பளபளவென்று புதிதாகவே இருக்கும். வெயிலும் மணலும் உள்ளே செய்த வேலையும் அப்படித்தான். பயன்படுத்தவே இல்லை என்றாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விற்பவர் சொல்லும் ‘இரண்டே முறை’யை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்?

புதிதாக வாங்கும்போதும் எந்தக் கயிறு என்று பாருங்கள். கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் முதலில் ஏறுகிறவருக்கு, அதாவது லீட் ஏறுகிறவருக்கு, இஎன் 892 முத்திரை உள்ள டைனமிக் கயிறு. விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் தொங்கிப் படமெடுப்பவருக்கு இஎன் 1891 முத்திரை உள்ள, அதிகம் நீளாத கயிறு. ரப்பர் மாதிரி இழுபடும் கயிற்றில் தொங்கினால் ஃபிரேம் நிற்காது. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது, குறிப்பாக நீளாத கயிற்றில் லீட் ஏறவே கூடாது. ஹார்னஸுக்கு இஎன் 12277, தலைக்கவசத்துக்கு இஎன் 12492. எண் இல்லாமல் வெறும் ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருந்தால் அது சாமான் கட்டுவதற்கு. கேமராவுக்கும் லென்ஸுக்கும் தனித்தனியே பாதுகாப்புக் கயிறு போடுங்கள், கீழே பெலே பிடிப்பவரின், அதாவது ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவரின், தலை இருக்கிறது.

இந்தக் கருவிகளை வாங்கிவிட்டதாலேயே தொங்கத் தெரிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கட்டணத்தையும் படத்தின் செலவில் சேருங்கள்.

கேள்வி: என் மகன் குறும்படத்துக்காக 250 கிராமுக்கும் குறைவான டிரோன் கேட்கிறான். ‘இதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், எங்கும் பறக்கவிடலாம்’ என்கிறார் கடைக்காரர். உண்மையா? (பிடோக்)

பதில்: பாதி உண்மை. 250 கிராமைத் தாண்டினால்தான் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ‘எங்கும்’ என்பது தவறு. விமான நிலையம், விமானப் படைத்தளம் இவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், 200 அடிக்கு மேலும் பறக்கவிட, எடை எவ்வளவாக இருந்தாலும் அனுமதி வேண்டும். சாங்கி, பாய லேபார், செலேத்தார், செம்பவாங், தெங்கா என்று வட்டம் போட்டுப் பாருங்கள், தீவில் என்ன மிஞ்சுகிறது? பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மகன் எடுக்க நினைப்பது அங்கேதான்.

வாங்கிவிட்டு ‘மனம் மாறிவிட்டது’ என்று திருப்பிக் கொடுக்க இங்கே சட்டம் உரிமை தரவில்லை. ஆனால் பொய் சொல்லி விற்பது நியாயமற்ற வணிகம். அதனால் அவர் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: நகர மண்டபம் எம்ஆர்டி பக்கம் ஒரு கடையில் பழைய ஜூம் லென்ஸ் வாங்கினேன். மூன்று வாரத்தில் உள்ளே பூஞ்சை தெரிகிறது. ‘செகண்ட் ஹேண்ட், ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா? (தெம்பனிஸ்)

பதில்: விட வேண்டாம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ பழைய பொருளுக்கும் பொருந்தும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று ரசீதில் அடித்த ரப்பர் முத்திரை அதை ரத்து செய்யாது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. ‘உங்கள் வீட்டு அலமாரியில்தான் வந்தது’ என்பார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது நடக்கக்கூடியதுதான், எனவே லென்ஸை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது, அது சரிப்படாவிட்டால்தான் விலைக் குறைப்போ பணமோ. கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம் சமரசம் பேசும். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே.

ஒன்று, பூஞ்சை இருப்பதைச் சொல்லித்தான் விற்றார்கள் என்றால் இந்த வழி அடைபடும். இன்னொன்று, தனிநபரிடம் வாங்கியதற்கு லெமன் சட்டம் இல்லை. ஆகவே அடுத்த முறை கடையிலேயே பாருங்கள்: லென்ஸின் துவாரத்தை (அபர்ச்சர்) முழுதாகத் திறந்து, பின்பக்கம் கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கமிருந்து சற்றுச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசு பரவாயில்லை. ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளை கிளையாக ஓடினால் கீழே வைத்துவிடுங்கள். புது லென்ஸ் என்றால் ‘லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா’ என்று கேளுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட் விலை குறைவு. ஆனால் உற்பத்தியாளரின் உள்ளூர் உத்தரவாதம் இராது, கடையின் உத்தரவாதம்தான்.

கேள்வி: இணையத்தில் 256 ஜிபி மெமரி கார்டு நம்ப முடியாத விலைக்கு வருகிறதே? (உட்லண்ட்ஸ்)

பதில்: நம்பாதீர்கள். உள்ளே 32 இருக்கும், மேலே 256 என்று அச்சடித்திருப்பார்கள். உண்மையான அளவைத் தாண்டி எடுத்த காட்சிகள் ஒன்றும் இருக்காது. எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 முத்திரை உள்ளதை நல்ல கடையில் வாங்கி, எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுக்க நிரப்பிப் பாருங்கள்.

கேள்வி: படத்தின் இரண்டாம் பாதியைப் பத்துமலையில் எடுக்கப் போகிறோம். பயணக் காப்புறுதி எடுத்தாயிற்று. வேறு என்ன? (ஈசூன் நண்பர்களே மீண்டும்)

பதில்: அந்தக் காப்புறுதியின் விலக்குப் பக்கத்தைப் படித்தீர்களா? கயிறு கட்டி ஏறும் பாறையேற்றத்தைப் பல திட்டங்கள் சேர்ப்பதில்லை. சில கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்கும். கேமராவுக்கும் ‘ஒரு பொருளுக்கு இவ்வளவுதான்’ என்று உச்சவரம்பு இருக்கும், வாடகை லென்ஸ் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அங்கே பாறை சுண்ணாம்புக்கல், இங்குள்ள கருங்கல் இல்லை. கை வைக்கும் விதமே மாறும். முதல் நாள் கேமராவை எடுக்காமல் ஏறிப் பழகுங்கள். 272 படிகளில் பக்தர்கள் ஏறுவதையும் பாறைச் சுவரில் நீங்கள் ஏறுவதையும் சேர்த்து வெட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் கோயில் வளாகத்துக்குள் முக்காலி வைக்கும் முன் நிர்வாகத்திடம் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் கேட்டுக்கொள்ளாதீர்கள்.